செல்லும் புத்தும்

என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒரு தகர டப்பி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற வட்ட டப்பி. ஒரு காலத்தில் பச்சைச் சாயம் பூசியிருந்தது. இப்போது பாதிக்கு மேல் துருவின் நிறம். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். அதில் முகம் முழுதும் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும். வெற்றிலை போடுகிறவர்களுக்கென்று செய்த டப்பி அது. உதடு எவ்வளவு சிவந்தது என்று பார்த்துக்கொள்ள அந்தக் கண்ணாடி போதும். வாரத்தில் ஒரு நாள் அதை எடுத்துத் திறக்கிறேன். வெற்றிலைக்காக அல்ல. வெற்றிலையை நான் விட்டு முப்பது வருடம் ஆகப்போகிறது.

அது என் நங்கையின் டப்பி. எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்று அழைப்போம். கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். நான் அந்த வீட்டுக்குள் மருமகளாகப் போனபோது சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்தது. நானும் யாருக்கும் அடங்கி நின்று பழகாதவள். ஒரு சமையல்கட்டில் இரண்டு ராணிகள் என்றால் எப்படி இருக்கும்? முதல் நாலு மாதம் அவர் என்னோடு பேசவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆட்டுக்கல்லைப் பார்த்துச் சொல்வார். "இந்த ஊட்டுல மொளகா அரைக்கறவங்களுக்கு உப்புப் போடத் தெரியாதாட்ட இருக்குது" என்பார். நானும் ஆட்டுக்கல்லைப் பார்த்தே பதில் சொல்வேன். பாவம், அந்தக் கல்லுக்கு மட்டும் காது இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் விட்டு ஓடியிருக்கும்.

ஐந்தாம் மாதம் சூலூர்ச் சந்தைக்குப் போனவள் என்ன தோன்றியதோ, ஒரு பொட்டலம் புகையிலை வாங்கி வந்தேன். நல்ல காரமான புகையிலை, மூக்கில் ஏறுகிற வாசனை. ஆட்டுக்கல்லின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டேன். அன்று சாயங்காலம் நங்கை வாசலில் உட்கார்ந்து ஒரு துண்டு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, டப்பி மூடியில் உதட்டைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏங்கண்ணு, இதை எந்தக் கடையில வாங்குனே?" என்றார். கண்ணு என்று அவர் என்னை அழைத்தது அன்றுதான் முதல் தடவை. அன்றிலிருந்து பதினெட்டு வருடம், சந்தை தவறினாலும் நங்கைக்குப் புகையிலை தவறியதில்லை. நல்லது எது, ஈரம் போட்டு எடை ஏற்றியது எது என்று மோந்து பார்த்தே சொல்வேன். கடைக்காரர் என்னைக் கண்டால் அடியில் இருப்பதை எடுத்து வைப்பார். அதில் எனக்கு ஒரு பெருமை. சில நாள் நங்கை கிள்ளித் தருவதை நானும் வாயில் போட்டுக்கொள்வேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் தறிக்குடோன். நான்கு விசைத்தறிகள். இரண்டை வீட்டுக்காரர் பார்ப்பார், இரண்டை நான் பார்ப்பேன். நங்கை மூலையில் உட்கார்ந்து, துணியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றித் தருவார். கூலிக்கு இரண்டு பெண்கள் வருவார்கள். நான்கு தறி ஓடும் இடத்தில் காதுக்கு வேலை இல்லை. சூலூர் விமானப் படையின் விமானம் கூரையை உரசுகிற மாதிரி போனாலும் உள்ளே தெரியாது. அதனால் தறிக்குடோனில் பேச்செல்லாம் உதட்டில்தான். ஒருவர் உதட்டை அசைப்பார், எட்டி நிற்கிறவர் பார்த்துப் புரிந்துகொள்வார். பழகியவர்கள் அப்படியே ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்பார்கள். நங்கையின் உதட்டைப் படிப்பது எனக்கு எல்லாவற்றிலும் சுலபம். செக்கச்செவேலென்று சிவந்திருப்பதால் குடோனின் அந்தக் கோடியிலிருந்தும் ஒவ்வொரு சொல்லும் எழுதிக் காட்டியது போலத் தெரியும். பொழுது சாய்ந்ததும் தாரைக் கூடையில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைப்பார்: "போலாமா, கண்ணு?" நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் படித்ததைவிட அந்த உதட்டில் படித்தது அதிகம்.

அந்தக் குடோன் எழும்பிய கதையையும் சொல்லியாக வேண்டும். முதலில் இரண்டு தறிதான் இருந்தது. இன்னும் இரண்டு போட இடம் வேண்டுமென்றால் வேம்படியில் இருந்த புத்தை எடுக்க வேண்டும். புற்று என்று எழுதுவார்கள், நாங்கள் சொல்வது புத்து. இடுப்பு உயரம் வளர்ந்த மண் புத்து. வேலைக்கு வந்த ஆட்கள் நாகம் இருக்கிற இடம் என்று கடப்பாரையைத் தொட மறுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நானே கடப்பாரையை எடுத்தேன். நங்கை வாயில் கைவைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார். அடிமண் வரை தோண்டினேன். பாம்பும் இல்லை, பாம்புச் சட்டையும் இல்லை. கூடை கூடையாகச் செல்லுதான் இருந்தது. செல் என்றால் கறையான். மரத்தை அரிக்குமே, அது. "பாருங்க, இந்தப் பூச்சிக்கா இத்தனை பேரு பயந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கடப்பாரையைச் சாய்த்து வைத்தேன். ஊரில் இரண்டு மாதம் அதுதான் பேச்சு. எனக்கு அதிலும் பெருமைதான்.

எட்டு ஒன்பது வருடம் போயிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் நங்கை டப்பியைத் திறந்து கண்ணாடியில் வாயைப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தை உள்ளிருந்து திருப்பிக் காட்டினார். இடது கன்னத்தின் உள்ளே சுண்ணாம்பு ஒட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு. சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வலியும் இல்லை. "சுண்ணாம்பு சுட்டிருக்கும், வுடு" என்றார் அவர். விட்டோம். அங்கேதான் விட்டிருக்கக் கூடாது. ஒரு வருடம் கழித்து அந்த இடத்தில் புண் வந்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்புக்கு ஆறவில்லை. காரம் பட்டால் துடித்தார். புளிச்சோறு பிடித்தவர் தயிர்ச்சோறே கதி என்று ஆனார். பிறகு கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. தெற்குப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர், சிரித்த முகம். கன்னத்திலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு கேட்கப் போன நாளை என்னால் மறக்க முடியாது. டாக்டரம்மா நங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பதமாகத்தான் சொன்னார். "அம்மா, கன்னத்துல இருக்கற செல்லெல்லாம் மாறிப்போயிருக்கு. அந்தச் செல்லுதான் பெருகிப் பெருகி இப்ப புத்தா ஆயிருக்கு. பயப்படாதீங்க. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிட்டா காப்பாத்திடலாம்."

நங்கை என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். செல்லு. புத்து. இரண்டு பேருக்கும் கண்முன் வந்தது ஒன்றேதான்: வேம்படி, கடப்பாரை, கூடை கூடையாக அள்ளிக் கொட்டிய பூச்சிகள். திரும்பி வரும் பஸ் சிங்காநல்லூரைத் தாண்டியது. நங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய படிப்புப் படிச்ச டாக்டரம்மாளே சொல்லிப்போட்டாங்க பாத்தியா கண்ணு. நாம அழிச்ச புத்து எங்கயும் போகுல. என்ற வாய்க்குள்ள வந்து கட்டிப்போட்டுது." நான் இடித்த புத்து என்று அவர் சொல்லவில்லை. நாம அழிச்ச புத்து என்றார். அந்த நாம என்ற சொல்தான் என்னை அறுத்தது.

வீட்டில் அந்தத் தயவும் இல்லை. வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "அன்னைக்கே சொன்னேன். ஆரு கேட்டா? கடப்பாரை எடுத்தவங்க சொகமா இருக்கறாங்க, எங்கக்கா அனுபவிக்குது" என்றார். பதிலுக்குப் பதில் பேசுகிறவள் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். ஏனென்றால் உள்ளுக்குள் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நங்கை ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "சாமி குத்தத்தைக் கத்தி வெச்சு அறுத்தா தீருமா?" என்றார். ஊர் எல்லையில் மாகாளியம்மன் கோயிலை ஒட்டி ஒரு புத்து உண்டு. நாற்பத்தெட்டு நாள் அதற்குப் பாலும் முட்டையும் வைப்பதாக வேண்டிக்கொண்டார். விடிந்ததும் பால் சொம்போடு அவர் முன்னே நடப்பார், முட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நான் பின்னே நடப்பேன். எந்தப் புத்துக்கும் பயப்படாதவள், அந்தப் புத்தின் முன் தினமும் விழுந்து கும்பிட்டேன். என்னை எடுத்துக்கொள், அவரை விடு என்றுகூடக் கேட்டேன். ஒன்பதாம் நாள் கும்பிட்டு வந்து ஒரு வாய் காப்பி குடிக்க உட்கார்ந்தார். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. டம்ளரின் விளிம்பு பல்லில் இடித்துக் காப்பி மடியில் சிந்தியது. சிந்தியதைத் துடைத்துக்கொண்டு, "காலையில எந்திரிச்சதும் தாடை புடிச்சுக்குது" என்று சிரிக்கப் பார்த்தார். இன்னும் முப்பத்தொன்பது நாள் இருந்தது. டாக்டரம்மா சீக்கிரம் என்று சொன்ன சொல் என் காதில் தறி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அரிசி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அன்றே பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "எங்கம்மா உங்க நாத்தனார்? ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "ஏனுங்க டாக்டரம்மா, வாய்க்குள்ள செல்லு எப்படிங்க போச்சு?"

"எங்கயும் இருந்து போகலம்மா. நம்ம உடம்பே செல்லாலதான் ஆகியிருக்கு."

"கறையானுங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் புத்து இடித்த கதையைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "அடக் கடவுளே, செல்லு புத்தாச்சுன்னு சொன்னேன் இல்ல? நீங்க வேற எப்படித்தான் புரிஞ்சுக்குவீங்க? தப்பு என்னோடதும்மா" என்றார். வெளியே இத்தனை பேர் காத்திருக்க, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எனக்காக உட்கார்ந்தார். படித்தவர் ஒருவர் என்னிடம் தப்பு என்னுடையது என்று சொன்னது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். வீடு செங்கல்லால் ஆனது போல உடம்பு செல் என்கிற கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது. அது இங்கிலீஷ்ச் சொல்லாம், பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செங்கல் போல அது சும்மா இருப்பதில்லை. பழையது உதிரும். அந்த இடத்தை நிரப்ப இன்னொரு செல் இரண்டாகப் பிரியும். கன்னத்தின் உள்தோல் இப்படித்தான் நாளும் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் எழுத்து இருக்கிறது. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது சாக வேண்டும் எல்லாம் அதில் எழுதியிருக்கும். இரண்டாகப் பிரியும்போது அந்த எழுத்து முழுவதையும் ஒன்று விடாமல் பார்த்து எழுதி, புதிய செல்லுக்கும் ஒரு படி கொடுக்க வேண்டும்.

"உங்களுக்கு எழுத்துத் தெரியுமா?" என்று கேட்டார். மூணாங்கிளாஸ் என்றேன். சீட்டில் பென்சிலால் ஒரு சொல்லை எழுதிப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டி, "நில்" என்று படித்தேன். ந-வின் மேலே இருந்த கொக்கியைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, "இப்ப?" என்றார்.

"நல்."

"நிக்கச் சொன்ன சொல்லு எங்க போச்சு?"

"காணோமுங்க."

"அவ்வளவுதாம்மா. இதை வெச்சு அடுத்த செல்லு எழுதும்போது அதுவும் நல்லுன்னுதான் எழுதும். அதைப் பாத்து அதுக்கடுத்தது. எதுக்கும் நிக்கத் தெரியாது. பெருகும், பக்கத்துல இருக்கறதைத் தள்ளிட்டு உள்ள புகும், கழுத்துக்கு எறங்கும். வெளியில இருந்து வந்த பூச்சி இல்ல. நம்ம சொந்த செல்லுதான், வழி மறந்துபோனது."

ஒரு கொக்கி அழிந்ததற்கே புத்தா என்று கேட்டேன். இல்லையாம். உடம்பு அத்தனை லேசில் விடாதாம். தப்பைத் தேடித் திருத்துகிற வேலையும் உள்ளுக்குள் நடக்கிறதாம். திருத்த முடியாமல் கெட்ட செல் பெரும்பாலும் தானே செத்துவிடுமாம். ஒரே செல்லில் ஒரு தப்பின் மேல் இன்னொரு தப்பு, அதன் மேல் இன்னொன்று, கடைசியில் நில் என்கிற சொல்லும் அழிந்தால்தான் புத்து. அதற்குப் பத்து வருடமும் ஆகலாம், இருபது வருடமும் ஆகலாம். துடைத்தும் போகாத அந்த வெள்ளைத் திட்டு, உடம்பு முன்கூட்டியே கொடுத்த அடையாளம். அப்படியானால் அதை அழிக்கிறது ஆர் என்று கேட்டேன். வயதாக ஆக, எழுதி எழுதித் தானாக வருகிற தப்புகள் உண்டு என்றார். பீடி சிகரெட் புகை, சாராயம், சில கிருமிகள், சில குடும்பங்களில் பிறப்பிலேயே வருகிற குறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிலருக்கு எதனால் வந்தது என்று தங்களுக்கே தெரியாது என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க நாத்தனார் பொகையிலைய எந்தப் பக்கம் வெச்சுக்குவாங்க?" என்றார்.

"எடது கன்னத்துலீங்க."

"புண்ணு?"

என் கை தானாக என் இடது கன்னத்துக்குப் போனது. புகையிலைச் சாறு ஊறி ஊறி, எழுத்தை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாக்கும் அதற்குத் துணை. அதே புகையிலையை நானும் மென்றேனே, எனக்கேன் வரவில்லை என்று கேட்டேன். "எந்தச் செல்லுல எந்த எழுத்து அழியும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நெறைய நாள், நெறைய தடவை போட்டா அழியறதுக்கு வழி அதிகம். இன்னையோட விட்டுடுங்க" என்றார். எழுந்திருக்கும்போது, "இத்தனை வருஷமா யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று சும்மா கேட்டார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

புத்து இடித்த பாவம் என் தலையிலிருந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. பதினெட்டு வருடம், வாரம் தவறாமல், மோந்து பார்த்து, இருப்பதில் காரமானதாகப் பார்த்து நான் கொடுத்தது. பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். புத்து இடித்ததால் என்றே நங்கை நம்பிக்கொண்டு இருந்தால் என்ன? ஊர் என்னைத் திட்டும், திட்டட்டும். புகையிலையால் என்று தெரிந்தால் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவாரா? ஆனால் அந்த நம்பிக்கை இருக்கிற வரையில் அவர் கத்திக்குச் சம்மதிக்க மாட்டார். முப்பத்தொன்பது நாள் பால் ஊற்றுவார். அதற்குள் அந்தச் செல்லுகள் எத்தனை படி எழுதியிருக்குமோ.

மறுநாள் மத்தியானம் குடோனில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நங்கையைக் கையைக் காட்டி என் தறிக்கு வரவழைத்தேன். ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்துகிற ஒரு சின்னக் கம்பி உண்டு. அதை ஒரு துண்டு நூலால் இழுத்துக் கட்டினேன். பிறகு ஊடையை அறுத்துவிட்டேன். தறி நிற்கவில்லை. தாரைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது, நூலை நெருக்குகிற பலகை அடித்தது, துணி மட்டும் இல்லை. நீளவாட்டில் போகிற பாவு நூல் மட்டும் வெறுமனே நகர்ந்துகொண்டே இருந்தது. உதட்டை அசைத்துச் சொன்னேன்: நிறுத்துகிற கம்பி கெட்டுப்போச்சுங்க. உங்க கன்னத்திலும் இதேதான். புத்துமில்லை, நாகமுமில்லை. நங்கை நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவர் உதடு அசைந்தது: கட்டுனது ஆரு?

அந்தக் கேள்விக்குத்தான் நான் இரவெல்லாம் பயந்தேன். பொகையிலை என்றேன். அவருக்குத் தெரியவில்லை. காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். இன்னும் பெரிதாக வாயைத் திறந்து சொன்னேன். தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உதடு கோணியதால்தான் அவரால் படிக்க முடியவில்லை போலிருக்கிறது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. நான்கு தறியும் ஒரே நேரத்தில் அடங்க, சத்தம் செத்த குடோனில் என் குரல் மட்டும் வீதி வரைக்கும் கேட்டது: "பொகையிலையுங்க! வாங்கியாந்து குடுத்தது நாந்தானுங்க நங்கை!"

கூலிக்கு வந்த பெண்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். வீட்டுக்காரர் அந்தப் பக்கத் தறியில் கைவைத்தபடி நின்றார். நங்கை என்னைக் கிட்டே இழுத்தார். பிறகு தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அதுக்கு ஏங்கண்ணு இப்படி ஊரைக் கூட்டற?" என்றார். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அழிந்துபோன கொக்கி வரைக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ வாங்கியாந்தே. மென்னது நானு. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பொட்டணத்தை அன்னைக்கு நீ ஆட்டுக்கல்லு மேல வெக்காம போயிருந்தா, இன்னைக்கு வரைக்கும் நான் அந்தக் கல்லுகிட்டத்தான் பேசிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

"அப்ப ஆபரேஷனுக்குப் போலாமுங்களா?"

அவர் டப்பியை எடுத்துத் திறந்து கண்ணாடியில் வாயைப் பார்த்தார். "கன்னத்தை அறுத்தா ஒதடு இழுத்துக்கும்ல? அப்பறம் இந்தச் சத்தத்துல நான் பேசறது உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவருடைய பயம் புத்தும் இல்லை, கத்தியும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"படிச்சுக்குவனுங்க. நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவளாக்கும்."

நங்கை சிரித்தார். திறந்த அந்த ஒரு விரல் அளவு வாயால் சிரித்தார். டப்பியிலிருந்த புகையிலையைக் கையில் கொட்டி வெளியே எறிந்துவிட்டு, வெறும் டப்பியை என் கையில் கொடுத்தார். "வேண்டுதல் பாக்கி இருக்குதே" என்று மட்டும் ஒரு சொல் இழுத்தார். தறியிலிருந்து கையை எடுத்த வீட்டுக்காரர், "மீதி நாளு நான் ஊத்தறனக்கா. நீ போயிட்டு வா" என்றார். சொன்னபடியே முப்பத்தெட்டு நாளும் ஒரு நாள் தவறாமல் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு கடப்பாரைப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

உள்கன்னத்தை எடுத்து, கழுத்தில் இறங்கியிருந்த கட்டியையும் எடுத்து, நெஞ்சிலிருந்து சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். பிறகு ஒன்றரை மாதம் தினமும் பஸ்ஸில் போய்க் கரண்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, வைத்துக்கொண்டு வந்தோம். எச்சில் வற்றி, நாக்கு வெந்து, கஞ்சித் தண்ணீருக்கும் அவர் தவித்த நாட்கள் அவை. பக்கத்துக் கட்டிலில் வெற்றிலையைக் கையாலும் தொடாத ஒரு டீச்சரம்மா இருந்தார். "அவங்களுக்கு ஆரு வாங்கிக் குடுத்தாங்களாம்?" என்று நங்கை எனக்கு ஜாடை காட்டிச் சிரித்தார். என்னைத் தேற்றுவதற்காகவே அந்த வேடிக்கையைத் தினமும் செய்தார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாறு மாதம் கழித்துத்தான் மறுபடியும் குடோனுக்கு வந்து தார் சுற்ற உட்கார்ந்தார். உதடு இடது பக்கம் இழுத்திருந்தது. சிவப்பு போய் வெளிறியிருந்தது. முதல் நாள் பொழுது சாய்ந்ததும் தாரைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் அசைத்தார். தெரியவில்லை. நான் தறியை விட்டு அவருக்கு எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவது போல அந்தக் கோணல் உதட்டையே பார்த்தேன். போ என்று குவிந்தது, லா என்று திறந்தது. "போலாமுங்க" என்றேன். ஒரு மாதத்தில் குடோனின் அந்தக் கோடியிலிருந்தும் படிக்கப் பழகிவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். கடைசியில் புத்து வந்து அவரைக் கொண்டுபோகவில்லை, வயதுதான் கொண்டுபோனது.

இப்போது எங்கள் பக்கம் சத்தமில்லாத தறிகள் வந்துவிட்டன என்கிறார்கள். வேலை பார்க்கிற பெண்கள் புகையிலைக்குப் பதில் பளபளக்கிற பாக்குப் பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். வீதியில் என் கண்ணில் பட்டால் விடமாட்டேன். டப்பியைத் திறந்து நீட்டி, "வாயத் தொறந்து பாரு அம்மணி, உள்ள வெள்ளையா இருக்குதா?" என்பேன். "பெரியம்மா வந்துட்டாங்க, வாய மூடுங்கடி" என்று சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் போன வருடம் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அவளைக் கையோடு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். நல்லவேளை, வெறும் திட்டாக இருக்கும்போதே பார்த்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வாரத்தில் ஒரு நாள் என் வாயையும் பார்த்துக்கொள்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் கன்னத்தைத் திருப்பிப் பார்ப்பேன், இடதும் வலதும். ஒன்றும் இல்லை. மூடுவதற்கு முன்னால் ஒரு நொடி அப்படியே பிடித்துக்கொண்டிருப்பேன். முகம் தெரியாது, உதடு மட்டும் தெரியும். வயதாகிப் பல் போனதில் என் உதடும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சத்தமில்லாமல் அசைத்துப் பார்ப்பேன். போ என்று குவிகிறது, லா என்று திறக்கிறது. பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுகிறேன்.